ஸ்கேனுக்கும் முதல் நாள் ரேடியேஷனுக்கும் நடுவே பத்து நாள் எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அக்காவுக்கு 52 வயது. இடது மார்பில் ஒன்றரை செ.மீ. கூட இல்லாத கட்டி. மார்பை எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்துவிட்டார்கள். அக்குள் நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை. கட்டி ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை. அடுத்த வாரம் திட்டமிடலுக்கான சிடி ஸ்கேன். அது முடிந்து பத்து நாள் கழித்துத்தான் ரேடியேஷன். மொத்தம் 15 சிட்டிங். மூச்சை அடக்கிப் பழகி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது மூன்று விஷயம்: இந்தப் பத்து நாளில் நோய் பரவிவிடாதா? இதயத்துக்குப் பக்கத்தில் கதிர் போகிறதே, அது ஆபத்தில்லையா? தெரிந்த ஒருவருக்கு 25 நாள், இன்னொருவருக்கு 5 நாள், அக்காவுக்கு மட்டும் ஏன் 15?

நான் மெடிக்கல் பிசிசிஸ்ட். அந்தப் பத்து நாளில் நடப்பதுதான் என் வேலை. எந்தச் சிகிச்சை யாருக்கு என்று தீர்மானிப்பது டாக்டர். அவர் தீர்மானித்ததை மில்லிமீட்டர் கணக்கில் அந்த உடம்புக்குள் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பார்ப்பது நாங்கள். அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். பத்து நாளில் நோய் பரவிவிடாது. கட்டி வெளியே வந்தாயிற்று. ரேடியேஷன் குறிவைப்பது, மார்பில் எங்கேயாவது கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய செல்களை. அவை நாள் கணக்கில் பெருகி ஓடுகிறவை அல்ல. அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில், காயம் ஆறி, கை மேலே தூக்க வந்த பிறகு தொடங்குவதுதான் வழக்கம். கீமோ தேவைப்பட்டால் அது முதலில் முடிந்து, அதற்குப் பிறகுதான் ரேடியேஷன். இன்னும் சொல்லப்போனால், ரொம்ப அவசரப்பட்டு ஸ்கேன் எடுப்பதும் நல்லதல்ல. கட்டி இருந்த பள்ளத்தில் முதல் சில வாரங்கள் நீர் கோத்திருக்கும், மார்பும் வீங்கியிருக்கும். அந்த உருவத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு சிகிச்சை கொடுத்தால் திட்டத்தில் இருக்கும் மார்பும் படுக்கையில் இருக்கும் மார்பும் வேறுவேறாகிவிடும். பிறகு மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு.

ரேடியேஷன் எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே என்று அக்கா எப்படியும் ஒரு நாள் கேட்பார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், மார்பையே எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர்வாழ்ந்தார்கள். ரேடியேஷனை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு இருக்கிறது. 17 ஆய்வுகள், 10,801 பெண்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 10 வருடத்துக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம் பேருக்கு. ரேடியேஷனும் சேர்ந்தபோது 19.3 சதவீதம். 15 வருடத்தில் மார்புப் புற்றுநோயால் இறந்தவர்கள் 25.2 சதவீதத்திலிருந்து 21.4 ஆகக் குறைந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் சிகிச்சை பெற்றது பல பத்தாண்டுகளுக்கு முன்னால். இன்றைய மருந்துகளோடு எல்லா எண்களும் கீழே வந்துவிட்டன. ஆனால் பலன் இருக்கும் திசை மாறவில்லை.

இன்னொன்று. ரேடியேஷனை நம் ஆட்கள் பலர் ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டே பயந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனாக் என்கிற இயந்திரத்திலிருந்து வருவது அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே. சுடாது, வலிக்காது, இயந்திரம் நின்றதும் உடம்பில் எதுவும் மிஞ்சாது. அக்கா வீட்டுக்கு வந்து தாராளமாகக் குழந்தைகளைத் தூக்கலாம், கட்டிக்கொள்ளலாம்.

சரி, இப்போது ஸ்கேன்.

திட்டமிடலுக்கான சிடி, நோயைத் தேடும் ஸ்கேன் அல்ல. இதை அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ‘ரிப்போர்ட்டில் என்ன வந்தது’ என்று தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். இது அளவெடுப்பது மட்டும்தான். எந்த நிலையில் படுத்து ஸ்கேன் எடுக்கிறார்களோ, அதே நிலையில்தான் 15 நாளும் படுக்க வேண்டும். அதனால் படுக்கவைப்பதற்கே நிறைய நேரம் செலவிடுவோம். லேசாகச் சாய்ந்த ஒரு பலகை. கைகள் இரண்டும் தலைக்கு மேலே, அதற்கான தாங்கியில். பிடரிக்கும் முழங்காலுக்கும் அடியில் தாங்கல். கை மேலே போனால்தான் கதிர் கையில் படாமல் மார்பை மட்டும் தொட்டுப் போகும். மார்பின் எல்லையையும் தழும்பையும் சிடியில் தெரியக்கூடிய மெல்லிய கம்பியால் குறித்துக்கொண்டு, 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாகப் படம் எடுப்பார்கள். கடைசியில் நெஞ்சின் நடுவிலும் இரு பக்கத்திலும் ஊசிமுனை அளவு புள்ளியாகப் பச்சை குத்துவார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ளிகளின் மேல் பொருத்தித்தான் அக்காவை அதே இடத்துக்குக் கொண்டுவருவார்கள். பச்சை வேண்டாம் என்றால் மார்க்கர் கோடுகளோடும் சமாளிப்பதுண்டு. தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி, கேமரா வழியாக மேற்பரப்பையே பொருத்திப் பார்க்கும் வசதி இருக்கிற இடங்களில் புள்ளியே தேவைப்படாது.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு அம்மா, ஸ்கேன் அன்று தோள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அக்குளில் அறுவை நடந்த பிறகு தோள் இறுகிப்போயிருந்தது. ‘வலிக்கிறதா’ என்று கேட்டோம். இல்லை என்றார். நமக்கு எதற்குத் தொந்தரவு கொடுப்பது என்கிற நல்ல மனசு. ஆனால் சிகிச்சை தொடங்கியதும் கை தினமும் வேறு இடத்தில் வந்து நின்றது. கை இறங்கினால் தோள் இறங்கும், தோளோடு மார்பும் நகரும். தினசரிப் படத்தில் ஒரு செ.மீ. வரை தள்ளிப் போனது. மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு, அவருக்குத் தாங்கக்கூடிய உயரத்தில் கையை வைத்துத் திரும்ப ஸ்கேன் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டோம். அவர் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள்தான் இன்னும் ஒருமுறை, இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து ‘வலிக்கிறதா’ என்று நான் கேட்பதில்லை. ‘இதே மாதிரி இருபது நிமிடம் இருக்க முடியுமா, நாளைக்கும் முடியுமா’ என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருகிறது.

அதனால் அடுத்த வாரம் வரை அக்கா செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: தோள் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை, சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றுவது போன்றவற்றை, விடாமல் செய்யட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் படங்கள் கணினிக்கு வரும். டாக்டர் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கோடு வரைவார். மார்புத் திசு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கட்டி இருந்த படுகை எது, நுரையீரல் எது, இதயம் எது, இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் ரத்தக்குழாய் எது, மறுபக்க மார்பு எது. நூறு துண்டுக்கு மேல் இருக்கும். நுரையீரலைக் கணினியே வரைந்துவிடும். ஆனால் மார்பின் எல்லை அவ்வளவு சுலபமில்லை. கொழுப்பும் சுரப்பித் திசுவும் அக்குள் பக்கம் மெல்லக் கரைந்துபோகும், இதுதான் கடைசி என்று படத்தில் கோடு போட்டிருக்காது. இரண்டு அனுபவமுள்ள டாக்டர்கள் வரைந்தால் இரண்டு விதமாக இருக்கும். அதனால்தான் ஐரோப்பியக் கதிர் சிகிச்சை அமைப்பான எஸ்ட்ரோ, ஆரம்ப நிலை மார்புப் புற்றுநோய்க்கு எதை எங்கே வரைய வேண்டும் என்று 2015-ல் ஒரு பொது வழிகாட்டுதலை வெளியிட்டது. டாக்டர் வரைந்ததை இன்னொரு டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் என் மேசைக்கு வரும். பத்து நாளில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. போகட்டும் என்பேன். கோடு தப்பானால், பிறகு நான் எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டாலும் அந்தத் துல்லியம் தப்பான இடத்தில்தான் போய் விழும்.

கட்டி இருந்த படுகையைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சிக்கல். அறுவையின்போது சர்ஜன் அந்தப் பள்ளத்தின் சுவர்களில் சிறிய டைட்டானியம் கிளிப்புகளை வைத்திருந்தால் சிடியில் பளிச்சென்று தெரியும். இல்லையென்றால் தழும்பு, நீர் கோத்த நிழல், பழைய மேமோகிராம், அறுவைக் குறிப்பு இவற்றை வைத்து ஊகிக்க வேண்டும். தழும்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் கட்டி இருந்தது என்றும் நம்ப முடியாது. வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று சர்ஜன் தள்ளிக் கீறியிருக்கலாம். அறுவைக் குறிப்பின் பிரதியை ஸ்கேன் அன்று கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

அடுத்தது என் பங்கு. நெஞ்சுச் சுவர் வளைந்தது. அதற்கு உட்புறம் நுரையீரல், இடது பக்கம் இதயம். கதிரை நேர் முன்னாலிருந்து பாய்ச்சினால் மார்பைத் தாண்டி நேரே அவற்றுக்குள் போய்விடும். அதனால் தச்சர் பலகையின் மேல் இழைப்புளி ஓட்டுவது போல, நெஞ்சுச் சுவரை ஒட்டி மேலாக இழைத்துக்கொண்டு போகும்படி இரண்டு கதிர்க்கற்றைகளை வைக்கிறோம். ஒன்று நெஞ்சின் நடுப்பக்கத்திலிருந்து, மற்றது விலாப் பக்கத்திலிருந்து, எதிரெதிராக. சுவர் வளைந்திருப்பதால் நுரையீரலின் ஒரு மெல்லிய விளிம்பு கட்டாயம் உள்ளே வந்துவிடும். அந்த விளிம்பு எவ்வளவு என்பதுதான் பேரம். கோணத்தை ஓரிரண்டு டிகிரி திருப்பினால் இதயம் விலகும், ஆனால் மார்பின் உள் மூலை ஒன்று விடுபடும். இன்னும் திருப்பினால் மறுபக்க மார்பில் படும். காலையில் உட்கார்ந்து மதியம் வரை ஒரே ஒரு கோணத்தோடு மல்லுக்கட்டிய நாட்கள் உண்டு. வெளிப்பக்கத்தில் கற்றையைத் தோலைத் தாண்டிக் காற்றில் ஒன்றிரண்டு செ.மீ. விரித்து வைப்போம். மூச்சில் மார்பு எழும்பினாலும் கற்றைக்கு வெளியே போய்விடக் கூடாது அல்லவா?

அடுத்த சிக்கல் வடிவம். மார்பு அடியில் தடிமன், முனையில் மெலிவு. ஒரே அளவு கதிரை அனுப்பினால் மெலிந்த இடத்தில் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அங்கேதான் பின்னாளில் தோல் கறுப்பதும், உள்ளே இறுகி மார்பு சுருங்குவதும் நடக்கும். முன்பெல்லாம் மார்பின் நடுவில் ஒரே ஒரு குறுக்குவெட்டை வைத்துக் கணக்குப் போட்டு, ஆப்பு வடிவ உலோகத்தைக் கற்றையின் வழியில் வைத்துச் சமன் செய்தார்கள். நடுவில் சரியாக இருக்கும், மேலும் கீழும் கூடிவிடும். இப்போது பெரிய கற்றைக்குள்ளேயே சின்னச் சின்னக் கற்றைகளைச் சேர்த்து, லீனாக்கின் வாயிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளால் கூடுதல் இடங்களை மறைத்து மறைத்துச் சமப்படுத்துகிறோம். மார்பு முழுவதும் குறித்த அளவில் 95 சதவீதத்துக்குக் குறையாமலும் 107 சதவீதத்தை மிஞ்சாமலும் கொண்டுவரப் பார்ப்போம். இந்தச் சமன்பாடு வெறும் அழகுக்கணக்கு இல்லை. லண்டனில் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 306 பெண்களிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. ஐந்து வருடம் கழித்துப் புகைப்படத்தில் பார்த்தபோது பழைய முறையில் 58 சதவீதம் பேருக்கு மார்பின் தோற்றம் மாறியிருந்தது, புதிய முறையில் 40 சதவீதம் பேருக்கு. கதிர் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாறியது திட்டம் மட்டும்.

இந்த இடத்தில் ஒன்று: ‘இதைவிட நவீனமான, இயந்திரம் உடம்பைச் சுற்றிச்சுற்றி வரும் முறை இருக்கிறதாமே, அதைக் கேட்கட்டுமா’ என்று நிறையப் பேர் கேட்பார்கள். முழு மார்புக்கு மட்டும் சிகிச்சை என்றால் பெரும்பாலும் அது தேவையில்லை. சுற்றிவரும் முறை உயர் அளவை அழகாக வளைத்துக் கொடுக்கும், ஆனால் குறைந்த அளவை நுரையீரல் முழுவதும், மறுபக்க மார்பிலும் தூவிவிடும். இளம் வயதுப் பெண்ணுக்கு அந்தத் தூவல் நல்லதல்ல. நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்போதோ, நெஞ்சு அமைப்பு வித்தியாசமாக இருக்கும்போதோ அதற்கு இடம் உண்டு. எளிய திட்டம் என்றால் மட்டமான திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி இதயம். உங்கள் பயம் நியாயமானதுதான், அதை மழுப்ப மாட்டேன். 2013-ல் ஆய்வாளர் சாரா டார்பியும் குழுவினரும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து ஒரு முடிவு சொன்னார்கள். இதயத்துக்குச் சராசரியாக விழும் அளவு ஒரு கிரே கூடினால், பின்னாளில் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பிரச்சினை வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. இந்த அளவுக்குக் கீழே போனால் பயமில்லை என்று ஒரு கோடு அதில் கிடையாது. கிரே என்பது உடம்பு வாங்கிக்கொண்ட கதிரின் அளவு. அந்தக் காலத்தில் இடது மார்புக்குச் சிகிச்சை பெற்றவர்களின் இதயம் சராசரியாக 6.6 கிரே வாங்கியது.

7.4 சதவீதம் என்றதும் நூறில் ஏழு பேர் என்று படித்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மேல் அவ்வளவு கூடுகிறது என்று பொருள். அதே கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது: 50 வயதில், வேறு இதயக் கோளாறுக் காரணங்கள் இல்லாத ஒரு பெண்ணின் இதயத்துக்கு 3 கிரே போனால், 80 வயதுக்குள் இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறது. நூறில் அரை ஆள். ஆனால் ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருப்பவருக்கு ஆரம்பமே பெரிதாக இருப்பதால் கூடுவதும் பெரிதாகிவிடும். அக்காவுக்கு அழுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் அதை ஒழுங்காகப் போடுவதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மூச்சை அடக்கப் பழகச் சொன்னது இதற்காகத்தான். ஆழமாக மூச்சை இழுத்தால் நுரையீரல் பலூன் போல உப்பும், உதரவிதானம் கீழே இறங்கும், அதோடு இதயமும் நெஞ்சுச் சுவரை விட்டுக் கீழேயும் பின்னாலும் விலகும். மார்புக்கும் இதயத்துக்கும் நடுவில் காற்று நிறைந்த இடைவெளி கிடைக்கும். அந்த இருபது விநாடி கதிரைப் பாய்ச்சி, மூச்சை விட்டதும் நிறுத்திவிடுவோம். மறுபடி மூச்சு, மறுபடி கதிர். ஒரே பெண்ணின் இரண்டு ஸ்கேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சாதாரண மூச்சில் கற்றைக்குள் நுழைந்திருந்த இதயத்தின் முன் விளிம்பு, மூச்சை இழுத்த படத்தில் முழுவதும் வெளியே போயிருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் படத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதயத்துக்குப் போகும் அளவு பாதியாகக் குறைவதெல்லாம் சாதாரணம். இதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயம் என்றும் இல்லை. இங்கிலாந்தில் நடந்த ஹார்ட்ஸ்பேர் ஆய்வில், பெண்கள் தாங்களாகவே மூச்சைப் பிடித்துக்கொண்ட எளிய முறை, மூச்சைக் கருவி அடைத்துப் பிடிக்கும் முறைக்கு இணையாகவே இருந்தது.

பழகும் முறை இதுதான். கையை மேலே வைத்துப் படுத்துக்கொண்டு, வயிற்றை உப்பாமல் நெஞ்சை விரித்து மூச்சை இழுத்து, இருபது விநாடி பிடித்து, மெல்ல விட வேண்டும். முழு மூச்சையும் திணிக்க வேண்டாம், வசதியாகப் பிடிக்கக்கூடிய அளவு போதும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வருவதுதான் முக்கியம். முதுகை வில்லாக வளைத்து நெஞ்சைத் தூக்கிவிட்டு மூச்சு இழுத்ததாக நினைத்துக்கொள்வார்கள் சிலர். அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றாலும் வருத்தப்பட வேண்டியதில்லை. சிலருக்குச் சாதாரண மூச்சிலேயே இதயம் தள்ளி இருக்கும்.

நுரையீரல் விஷயம் சுருக்கமாக. மார்புக்கு மட்டும் கொடுக்கும்போது நுரையீரல் அழற்சி வருவது அரிது. ஆனால் புகைப்பவருக்குக் கணக்கு தலைகீழ். 2017-ல் வெளியான ஒரு பெரிய மதிப்பீட்டின்படி, இன்றைய கதிர் சிகிச்சையால் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பு, தொடர்ந்து புகைப்பவருக்குச் சுமார் 4 சதவீதம், புகைக்காதவருக்குச் சுமார் 0.3 சதவீதம். அக்காவுக்குப் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். இருந்தால், சிகிச்சைக்கு முன் நிறுத்துவதைவிட இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது செய்யும் திட்டம் எதையும் என்னால் போட முடியாது.

உங்கள் மூன்றாவது கேள்வி: 25, 15, 5. நீண்டகாலம் வழக்கத்தில் இருந்தது 50 கிரே, 25 சிட்டிங், ஐந்து வாரம். ஒரு நாளைக்கு 2 கிரே. ஒரு நாள் அளவைக் கூட்டினால் நல்ல திசு தாங்காது என்ற பயம்தான் காரணம். ஆனால் மார்புப் புற்றுநோய் செல்களும் சுற்றியுள்ள நல்ல திசுவும் தினசரி அளவின் மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன என்று மெல்லத் தெரிய வந்தது. அப்படியென்றால், மொத்த அளவைக் குறைத்துத் தினசரி அளவைக் கொஞ்சம் கூட்டினால் நோய்க்கும் அதே அடி, நல்ல திசுவுக்கும் கூடுதல் சேதம் இல்லை. கனடாவில் 42.5 கிரேயை 16 சிட்டிங்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 10 வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 6.2 சதவீதம், பழைய முறையில் 6.7. பிரிட்டனின் ஸ்டார்ட் ஆய்வு 40 கிரே, 15 சிட்டிங் என்று வந்து நின்றது, அக்காவுக்குச் சொன்னது இதுதான். அப்புறம் 2020-ல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு 4,096 பேரிடம் இன்னும் சுருக்கியது: 26 கிரே, 5 சிட்டிங், ஒரே வாரம். ஐந்து வருடத்தில் நோய் திரும்பியது 15 சிட்டிங்கில் 2.1 சதவீதம், 5 சிட்டிங்கில் 1.4 சதவீதம்.

ஆக, 25 நாள் வாங்கியவருக்கு அதிக சிகிச்சை, அக்காவுக்குக் குறைச்சல் என்று எண்ண வேண்டாம். 15 என்பது நீண்டகால அனுபவம் உள்ள, நம்பிக்கையான அளவு. 5 சிட்டிங் அக்காவுக்கு ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. பயணம் சிரமம் என்றால் கட்டாயம் கேளுங்கள். எனக்குள்ள ஒரே எச்சரிக்கை, ஒரு நாள் அளவு 5.2 கிரே என்று ஏறும்போது திட்டமும் அதே அளவு கறாராக இருக்க வேண்டும் என்பது. அந்த ஆய்வு வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: 8 கிரே வாங்கும் நுரையீரல் பகுதி 15 சதவீதத்துக்குள், 7 கிரே வாங்கும் இதயப் பகுதி 5 சதவீதத்துக்குள். இதைக் கடைப்பிடிக்க முடிந்தால் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

கட்டி இருந்த படுகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ‘பூஸ்ட்’ பற்றியும் பேச்சு வரலாம். ஐரோப்பாவில் 5,318 பேரிடம் நடந்த ஆய்வில், 20 வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்புவதை 16.4 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக பூஸ்ட் குறைத்தது. 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் லாபம் மிக அதிகம். ஆயுள் கூடவில்லை, மார்பு இறுகுவது கொஞ்சம் கூடியது. 52 வயதில், சிறிய கட்டிக்கு, கட்டியின் தன்மையைப் பார்த்து டாக்டர் எப்படியும் முடிவு செய்யலாம். கொடுப்பதானால் தனியாக நாள் கூட்டாமல் அதே 15 சிட்டிங்குக்குள் படுகைக்கு மட்டும் 48 கிரே சேரும்படி இணைக்கும் வழியும் இப்போது உண்டு. படுகையைச் சுற்றி மட்டும் கொடுத்து மீதி மார்பை விட்டுவிடும் பகுதிச் சிகிச்சையும், 65 வயது தாண்டிய, ஹார்மோன் மாத்திரை தவறாமல் சாப்பிடக்கூடிய சிலருக்கு ரேடியேஷனே வேண்டாம் என்று விடுவதும் இருக்கிறது. அப்படி விட்டவர்களில் 10 வருடத்தில் 9.5 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்பியது, ரேடியேஷன் வாங்கியவர்களில் 0.9 சதவீதம், உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை என்று ப்ரைம் 2 ஆய்வு சொன்னது. 52 வயது அக்காவுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் போட முடியாது.

திட்டம் தயாரானதும் டாக்டர் துண்டு துண்டாகப் பார்த்துக் கையெழுத்திடுவார். திருப்பி அனுப்பினால் மறுபடி உட்காருவேன். இரண்டு மூன்று முறை போய்வருவது சாதாரணம். பிறகு இன்னொரு பிசிசிஸ்ட், நான் பயன்படுத்தாத வேறு கணக்கு மென்பொருளில் அதே திட்டத்தைப் போட்டு எண் ஒத்துவருகிறதா என்று சரிபார்ப்பார். தேவைப்பட்டால் ஆள் இல்லாமல், அளக்கும் கருவியைப் படுக்கையில் வைத்து லீனாக்கை ஓட்டிப் பார்ப்போம். உங்கள் பத்து நாள் இங்கேதான் போகிறது.

முதல் நாள் நேரம் பிடிக்கும். படம் எடுத்து, திட்டத்தோடு பொருத்தி, நகர்த்தி, மறுபடி படம் எடுப்பார்கள். அறையில் அக்கா மட்டும்தான் இருப்பார், ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டும் இருப்போம். கையசைத்தால் உடனே நிறுத்துவோம். கதிர் ஓடும் நேரம் ஒரு சில நிமிடங்கள்தான். இரண்டாம் வாரம் தாண்டித் தோல் சிவக்கலாம், களைப்பு வரலாம். உள்ளாடை உராயாமல், டாக்டர் சொன்ன களிம்பைத் தடவினால் போதும். முடிந்து ஒரு வாரத்தில் சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டுத்தான் இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்கேன் அன்று, கேட்காவிட்டாலும் அக்கா தானாகச் சொல்ல வேண்டியவை: முன்பு எப்போதாவது நெஞ்சுப் பகுதியில் ரேடியேஷன் வாங்கியிருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால், தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா மாதிரி நோய் இருந்தால், குடும்பத்தில் இளவயதுப் புற்றுநோய்கள் பல இருந்தால். இவை ஒவ்வொன்றும் திட்டத்தையே மாற்றக்கூடியவை. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திட்டம் முடிந்ததும் ‘இதயத்துக்குச் சராசரியாக எத்தனை கிரே வந்திருக்கிறது, மூச்சைப் பிடித்த ஸ்கேனிலா சாதாரண ஸ்கேனிலா திட்டம் போட்டீர்கள்’ என்று கேளுங்கள். அந்த எண் திட்டத் தாளில் அச்சாகியே இருக்கும், அதைக் காட்டி விளக்க அவர்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.